ரொமான்டஸி நாவல்கள்: எது ஒட்டியது, எது ஒட்டவில்லை? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்

மழைக்கால வாசகி:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபோர்த் விங் வரிசை, சாரா ஜே. மாஸ் நாவல்கள் இரண்டின் கதை முடிச்சுகளும் இந்த இழையில் உடையும். படிக்காதவர்கள் பார்த்துப் போங்கள்.

சில வருடங்களாக ஃபேன்டஸியும் காதலும் கலந்த ஆங்கில நாவல்களைத்தான் அதிகம் படிக்கிறேன். டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடையானதால் புக்டாக் (டிக்டாக்கில் புத்தகம் பற்றிப் பேசுகிறவர்கள் கூட்டம்) அலை நமக்கு இன்ஸ்டா ரீல்ஸ் வழியாகத்தான் வருகிறது. அதில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஐந்து நட்சத்திரம், எல்லாமே தூங்கவிடாத புத்தகம். கதை என்ன என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு பட்டியல் போடுகிறார்கள்: எனிமீஸ் டு லவ்வர்ஸ் (எதிரிகள் காதலர்களாவது), ஒரே ஒரு கட்டில், விதி சேர்த்த ஜோடி, அவளைத் தொட்டவனைக் கொன்றுபோடும் நாயகன். இந்தப் பட்டியலை நம்பி வாங்கியதில் சில அருமையாக இருந்தன, சிலவற்றை முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏன் இப்படி என்று யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுப்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தத் தேர்வை விதியோ மந்திரப் பிணைப்போ அவர்களுக்காகச் செய்து முடித்துவிட்டால், அப்புறம் எத்தனை டிராகன் பறந்தாலும் எனக்கு ஒட்டவில்லை.

ரெபெக்கா யாரோஸின் ஃபோர்த் விங் (2023) எனக்குப் பிடித்தது. அதை மட்டம் தட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது, நான் அதில் சேரமாட்டேன். எழுத்தர் படிப்புக்காகவே வளர்ந்த வயலெட்டை, தளபதியான அவள் அம்மா டிராகன் வீரர்கள் பிரிவுக்குத் தள்ளுகிறாள். முதல் நாளே பிடிமானம் எதுவும் இல்லாத ஒடுக்கமான கல்பாலத்தைக் கடக்க வேண்டும், விழுந்தால் சாவுதான். வரிசையில் நிற்கும் ரியானனின் பூட்ஸ் அடிப்பாகம் வழவழவென்று இருப்பதைக் கவனித்துவிட்டு, வயலெட் தன்னுடைய ஒரு பூட்ஸைக் கழற்றி அவளுக்குக் கொடுத்து அவளுடைய ஒன்றைத் தான் மாட்டிக்கொள்கிறாள். ஆளுக்கு ஒரு காலிலாவது பிடிப்பு இருக்கும் என்ற கணக்கு. அவள் எப்படிப்பட்டவள் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் சண்டைப் பயிற்சியில் அடுத்து யாரோடு மோதல் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எதிராளிக்கு விஷம் வைத்து ஜெயிக்கிறாளே, அந்த இடங்களும்.

காதலைப் பொறுத்தவரை யாரோஸ் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்திருக்கிறார். பிரிக்க முடியாத ஜோடி என்பது டிராகன்களுக்குத்தான். டேர்னும் ஸ்கேயிலும் ஜோடி, அதனால் அவற்றின் மேல் ஏறும் வயலெட்டும் சேடனும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் மனிதர்களுக்கு இல்லை. பக்கத்தில் இருப்பது விதி, நேசிப்பது அவர்கள் முடிவு. முதல் பாகம் முழுக்க அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது, அதனால்தான் ஓடுகிறது.

அதே வருடம் நவம்பரில் அயர்ன் ஃப்ளேம் வந்தது. இங்கேதான் எனக்குச் சலிப்பு தொடங்கியது. "ஏன் என்னிடம் சொல்லவில்லை", "நீ கேட்கவில்லை" என்று இருவரும் ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நிஜ வாழ்க்கையில் தம்பதிகள் அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள், சரி, ஆனால் நாவலில் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும், இங்கே மாறவில்லை. 2025 ஜனவரியில் ஆனிக்ஸ் ஸ்டார்ம், முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றதாகச் செய்தி. வயலெட்டின் இன்னொரு டிராகன் ஆண்டர்னாவின் இனத்தைத் தேடித் தீவு தீவாகப் போகிறார்கள், ஒவ்வொரு தீவிலும் ஒரு ராஜ்யம், ஒரு சோதனை, கிளம்பு, அடுத்த தீவு. சேடன் வெனினாக, அதாவது மண்ணின் சக்தியை உறிஞ்சித் தன்னையே இழக்கும் தீய மந்திரவாதியாக, மாறிக்கொண்டிருக்கிறான் என்ற பயங்கரமான விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டியது எனக்குப் பெரிய ஏமாற்றம். மாறிக்கொண்டிருக்கும் ஒருவனோடு தினமும் எப்படி இருப்பது, அவன் சொல்வதை எவ்வளவு நம்புவது, அதையல்லவா நான் படிக்க ஆசைப்பட்டேன்.

காலி ஹார்ட்டின் குவிக்சில்வர் (2024) பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீரை அளந்து கொடுக்கும் பாலைவன நகரம், அதில் திருடிப் பிழைக்கும் சேரிஸ். ஆரம்பம் தொண்டையை வறள வைக்கிறது. ஃபே எனப்படும் மாயமனிதர்களின் உலகத்துக்குள் போனதும் விட்டுவந்த தம்பியைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், ஃபே வீரன் கிங்ஃபிஷரின் தோளும் தாடையும் முன்னால் வந்துவிடுகின்றன. கடைசியில் விதியே சேர்த்துவைத்தது என்று முத்திரையும் குத்தியாகிவிட்டது. எனக்கு அந்தத் தாகம்தான் வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிராக கரிசா பிராட்பென்டின் தி சர்பன்ட் அண்ட் தி விங்ஸ் ஆஃப் நைட் (2022). ரத்தக்காட்டேரிகள் நடுவே வளர்ந்த மனிதப்பெண் ஒராயா, ராத்திரி வெளியே போகவே கத்தியோடுதான் போக வேண்டும். ஒருவர்தான் உயிரோடு மிஞ்ச முடியும் என்ற போட்டியில் ரைனோடு கூட்டுச் சேர்கிறாள். ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டிவரும் என்று முதல் நாளிலிருந்தே இருவருக்கும் தெரியும். அங்கே வளரும் நம்பிக்கைக்கு ஒரு விலை இருக்கிறது, ஆசிரியர் அந்த விலையை வசூலித்தும் விடுகிறார். வளர்ப்புத் தந்தை வின்சென்ட் அவள்மேல் வைத்திருக்கும் அன்பும் அதே அன்பு அவளைச் சிறைவைப்பதும் காதல் கதையைவிட எனக்கு அதிகம் வலித்தது.

உங்கள் பட்டியலைச் சொல்லுங்கள். என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

டிராகன் பைத்தியம்:

ஆனிக்ஸ் ஸ்டார்ம் பற்றிச் சொன்னதில் பாதிக்குத்தான் சம்மதம். தீவுப் பயணம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆண்டர்னா தன் இனத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, நீ போருக்காக வளர்க்கப்பட்டவள் என்று அவர்களே அவளை ஏற்க மறுக்கிறார்களே, அதற்காக மொத்தப் பயணத்தையும் நான் மன்னித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து தேடிய சொந்தம் நம்மைப் பார்த்து முகம் சுளிப்பதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

இந்த வரிசை எனக்கு ஏன் முக்கியம் என்றும் சொல்கிறேன். எனக்கு மூட்டுகள் சுலபமாக நழுவும். வயலெட்டின் உடம்புக்கு என்ன என்று புத்தகத்தில் பெயர் சொல்லவில்லை, ஆனால் ஆசிரியர் தனக்கே மூட்டுகளைத் தளர்த்தும் எலர்ஸ் டேன்லோஸ் நோய்க்குறி இருப்பதாக வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், படித்தால் அந்த அனுபவம் தெரிகிறது. காலையில் எழுந்ததும் எந்த மூட்டு இன்றைக்கு வேலை செய்யும் என்று பார்த்துக்கொள்வது, முழங்காலைக் கட்டிக்கொண்டு கிளம்புவது, வலியை மறைத்து முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது எல்லாம் அப்படியே இருக்கிறது. அப்புறம் அந்தச் சேணம். டேர்ன் முதுகில் உட்காரவே அவள் உடம்பு ஒத்துழைக்காதபோது சேடன் அவளுக்கென்று சேணம் செய்துதருகிறான். அவளுடைய சிறுவயது நண்பன் டேய்ன் இருக்கிறானே, அவன் "உன்னால் முடியாது, வந்துவிடு" என்று ஒவ்வொரு பக்கத்திலும் கெஞ்சுகிறான். ஒருவன் அவளைக் களத்திலிருந்து வெளியே கூட்டிப்போகப் பார்க்கிறான், இன்னொருவன் அவள் களத்தில் நிற்க ஒரு கருவி செய்துதருகிறான். நான் அழுதது அங்கேதான், முத்தக் காட்சியில் இல்லை.

கடைசிப்பக்கம் முதலில்:

பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள். அந்த ட்ரோப் (வழக்கமான கதைக்கூறு) பட்டியலை எல்லோரும் திட்டுகிறீர்கள், நான் அதை ஆதரிக்கிறேன்.

நான் பார்ப்பது இரவுநேர வேலை. வீட்டுக்கு வந்து படுக்குமுன் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் நாய் செத்துப்போகுமா, நாயகி ஏமாற்றப்படுவாளா என்று நெஞ்சு படபடக்க எனக்குத் தெம்பு இல்லை. சேரப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, எப்படிச் சேர்கிறார்கள் என்று நிதானமாகப் படிக்கத்தான் வருகிறேன். காதல் நாவல் என்றாலே கடைசியில் சுபம் என்பது இந்த வகைக்கும் வாசகருக்கும் நடுவில் ரொம்ப காலமாக இருக்கிற ஒப்பந்தம். ரமணிசந்திரன் நாவலை எடுத்த நம் அம்மாக்களும் அந்த ஒப்பந்தத்தோடுதான் எடுத்தார்கள், யாரும் முடிவு தெரிந்துவிட்டதே என்று குறை சொல்லவில்லை. விதி சேர்த்த ஜோடி என்று போட்டிருந்தால் எனக்கு அது ஒரு வாக்குறுதி. உலகம் இவ்வளவு நிச்சயமில்லாமல் இருக்கும்போது, உனக்கென்று ஒருவன் இருக்கிறான், அவன் விட்டுப்போகமாட்டான் என்று ஒரு கதை சொன்னால் அதில் என்ன தப்பு?

மழைக்கால வாசகி:

@டிராகன் பைத்தியம், சேணத்தையும் டேய்னையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. அருமையாகச் சொன்னீர்கள்.

@கடைசிப்பக்கம், சுபமான முடிவோடு எனக்குச் சண்டையே இல்லை. முடிவு தெரிவதும் வழி தெரிவதும் வேறு. எமிலி ஹென்றியை எடுத்துக்கொள்ளுங்கள், மந்திரம் எதுவும் கிடையாது, அட்டையைப் பார்த்தாலே யார் யாரோடு சேர்வார்கள் என்று தெரிந்துவிடும். ஃபன்னி ஸ்டோரியில் (2024) டாஃப்னியின் வருங்காலக் கணவன் தன் சிறுவயதுத் தோழியோடு போய்விடுகிறான், அந்தத் தோழியின் பழைய காதலன் மைல்ஸின் வீட்டில் டாஃப்னி குடியேற வேண்டிய நிலை. முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஊர் அவளுக்குப் பழகுவது, நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை படிக்கும் வேலையை அவள் எவ்வளவு நேசிக்கிறாள் என்பது, தன் அப்பா கொடுத்த ஏமாற்றங்களை வைத்தே எல்லோரையும் அவள் எடைபோடுவது, இதெல்லாம் சேர்ந்து மைல்ஸைத் தேர்ந்தெடுப்பதை அவளுடைய முடிவாக ஆக்குகின்றன.

ஃபேன்டஸியில் இதையே மிக அழகாகச் செய்தவர் ஹெதர் ஃபாசெட். எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ் (2023) படித்திருக்கிறீர்களா? 1909இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியை ஒருத்தி வனதேவதைகளை ஆராயப் பனிபடர்ந்த வடக்கத்தி கிராமத்துக்குப் போகிறாள், நாட்குறிப்பு வடிவில் கதை, அடிக்குறிப்புகள் வேறு. அறிவில் கெட்டிக்காரி, மனிதர்களிடம் பழகத்தான் தெரியாது. வந்த கொஞ்ச நாளிலேயே ஊர்த்தலைவியைத் தெரியாமல் புண்படுத்திவிட்டு, தான் செய்த தப்பு என்னவென்றே புரியாமல் விறகுக்கும் உணவுக்கும் தவிக்கிறாள். பின்னாலேயே அழையாத விருந்தாளியாக வந்து சேரும் சக பேராசிரியன் வெண்டல் சோம்பேறி, தற்பெருமைக்காரன், ஆனால் ஊர் முழுக்க இரண்டே நாளில் அவன் பக்கம். அவன் யார் என்று அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம். அவன் திருமணம் கேட்கும்போது அவள் உடனே பதில் சொல்வதில்லை! யோசிக்கிறாள், தன் ஆராய்ச்சி என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறாள், தேவதைகளை மணந்தவர்களுக்குக் கதைகளில் என்ன ஆனது என்பதும் அவளுக்கு அத்துப்படி. அந்த யோசனைதான் எனக்குக் காதல் காட்சி.

அல்லிக்குளம்:

விதி சேர்த்த ஜோடி பற்றிப் பேச்சு வந்ததால் மாஸின் எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ் வரிசையை, சுருக்கமாக அகோடாரை, தொடாமல் போக முடியாது.

எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி (2016) எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஒரு நாவல் வரிசையில் முதல் பாகத்தின் காதலனையே இரண்டாம் பாகத்தில் இவன் உனக்குச் சரியானவன் இல்லை என்று காட்டுவதற்குத் தைரியம் வேண்டும். டாம்லின் கெட்டவனாகத் தொடங்கவில்லை. நாயகி ஃபேரா இரவெல்லாம் வாந்தி எடுக்கிறாள், அவன் பக்கத்தில் தூங்குவதுபோல் படுத்திருக்கிறான். பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டையே பூட்டி அவளை உள்ளே வைக்கிறான். ரைசாண்ட் அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறான். அந்த ஒப்பீடு போதும். எங்கே போகிறாய், என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று அவளிடம் கேட்கிற ஆள் அவன் என்பதால்தான் நாம் எல்லோரும் அவன் பக்கம் சாய்ந்தோம்.

அதனால்தான் எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ் (2021) எனக்குத் தாங்கவில்லை. ஃபேராவின் கர்ப்பம் அவள் உயிரையே எடுத்துவிடும், குழந்தைக்கு இறக்கை இருப்பதால் பிரசவத்தில் பிழைக்கமாட்டாள் என்று ரைசாண்டுக்குத் தெரியும், கூட இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் உடம்பு, அவள் உயிர். கோபத்தில் உண்மையைப் போட்டு உடைக்கும் அக்கா நெஸ்டாவைத்தான் கதை குற்றவாளியாக்கி மலையேற அனுப்புகிறது. மறைத்தவனுக்கு ஒரு கேள்வியும் இல்லை. டாம்லின் வீட்டைப் பூட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நெஸ்டாவின் துக்கத்தையும் படிக்கட்டுகளையும் நண்பிகளோடு பயிற்சியையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த ஆசிரியர், இதை மட்டும் ஏன் இப்படி விட்டார் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜோடி என்றாகிவிட்டால் அவன் செய்ததெல்லாம் அன்பின் பெயரால் சரியாகிவிடுகிறது. கடைசிப்பக்கம், நீங்கள் சொன்ன அந்த வாக்குறுதியில் எனக்கு இருக்கிற பயம் இதுதான்.

கடைசிப்பக்கம் முதலில்:

அல்லி, அந்தக் கர்ப்ப விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். நானும் அந்த அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நாள் தொடவே இல்லை. ஆனால் தப்பு அந்தப் பிணைப்பில் இல்லை, அவனை யாரும் தட்டிக்கேட்காததில்தான் இருக்கிறது. மிஸ்ட் அண்ட் ஃப்யூரியில், ஜோடி என்று தெரிந்தும் மறைத்தான் என்பதற்காக ஃபேரா அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போய் இருந்தாள் இல்லையா, கோபம் ஆறி அவளாகச் சூப் கொடுத்து ஏற்றுக்கொள்ளும்வரை அவன் காத்திருந்தான். பிணைப்பும் தேர்வும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அதே ஆசிரியர்தான் சாட்சி.

நூலக வரிசையில் நிற்பவன்:

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் நூலகத்தில் முன்பதிவு செய்தால் வரிசை நகரவே நகராது, அதனால் வரிசை இல்லாத புத்தகங்களைத் தேடிப் போனேன், அப்படிக் கிடைத்தது தாஷா சூரியின் தி ஜாஸ்மின் த்ரோன் (2021). இந்த இழையில் இதுவரை யாரும் அதைச் சொல்லாதது எனக்கு வருத்தம்.

பஞ்சாபிப் பின்னணியுள்ள பிரிட்டன் எழுத்தாளர். உலகம் முழுக்க நம் துணைக்கண்டத்து வாசனை, பெயர்கள் ப்ரியா, மாலினி, பூமிகா. உடலில் செடிகொடி முளைக்கிற ஒரு நோய் ஊரெல்லாம் பரவியிருக்கிறது, விரல் இடுக்கில் இலை துளிர்க்கிற குழந்தைகள் தெருவில். பேரரசனான அண்ணன் தீயில் இறங்கச் சொல்லி மறுத்த இளவரசி மாலினியை ஒரு பாழடைந்த கோயிலில் சிறைவைத்து மருந்து கொடுத்து மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். அங்கே வேலைக்காரியாக ஏறிவரும் ப்ரியா ஒரு காலத்தில் அதே கோயிலில் வளர்ந்தவள். இரண்டு பெண்களுக்கு நடுவே காதல். மாலினி ஆட்களைப் பேசி மயக்கி வேலைவாங்குகிறவள், அது ப்ரியாவுக்கே தெரியும். தெரிந்தும் நேசிக்கிறாள், ஆனால் தன் மண்ணை அவளுக்காக விட்டுக்கொடுப்பதில்லை. காதலுக்கும் நாட்டுக்கும் நடுவே நிஜமான மோதல் வேண்டுமென்றால் இதைப் படியுங்கள். இரண்டாம் பாகம் தி ஓலியாண்டர் ஸோர்ட் (2022) முடிகிற இடத்தில் நான் எழுந்து நடந்தேன், உட்கார முடியவில்லை. மூன்றாவது பாகம் 2024இல் வந்துவிட்டது, அதனால் இப்போது தொடங்குகிறவர்கள் என்னைப்போல் காத்திருக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. பார்வை மாறிக்கொண்டே இருக்கும், ராவ் என்ற இளவரசன் வரும் அத்தியாயங்கள் முதல் பாகத்தில் எனக்கு இழுவையாகத்தான் இருந்தன. ஆனால் பூமிகா, அம்மாடி! அயல் ஆட்சியாளனை மணந்துகொண்டு, வயிற்றில் குழந்தையோடு, தன் மக்களை உள்ளேயிருந்து காப்பாற்றப் பார்க்கும் அந்தப் பெண்ணுக்காக மட்டுமே தனி நாவல் எழுதலாம்.

வாள் ஏந்தியவன்:

நான் பழைய காப்பிய ஃபேன்டஸி ஆள். உங்கள் எல்லோர் ரசனைக்கும் மரியாதை, ஆனால் புத்தகக்கடையில் ஃபேன்டஸி அலமாரியில் பாதிக்கு மேல் இப்போது இதுதான். காதல் வந்தால் உலகக் கட்டமைப்பு காணாமல் போகிறது. மந்திரத்துக்கு விதிமுறை கிடையாது, போர் எதற்கு என்று தெரியாது. மாஸின் ஹவுஸ் ஆஃப் ஃப்ளேம் அண்ட் ஷேடோ (2024) அதற்கு உதாரணம். இரண்டு வரிசைகளின் உலகங்கள் மோதப்போகின்றன என்று அத்தனை எதிர்பார்ப்பு, அந்தச் சந்திப்பு ஆரம்பத்திலேயே கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

மழைக்கால வாசகி:

அந்த நாவல் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த வரிசையின் நாயகி ப்ரைஸும் அகோடார் நெஸ்டாவும் ஒரே குகையில் நடக்கிறார்கள் என்றதும் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அப்புறம் ஒன்றும் இல்லை. ஆனால் காதல் வந்ததால் உலகம் காணாமல் போகிறது என்பதை ஏற்கமாட்டேன், நூலக வரிசை நண்பர் சொன்ன நாவலே அதற்குப் பதில். டிராவிஸ் பால்ட்ரீயின் லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ் (2022) படித்துப் பாருங்கள். உங்களுக்குப் பழக்கமான வாளேந்திய ஓர்க் (ஃபேன்டஸியில் வரும் முரட்டு அரக்க இனம்) விவ், கொலைத்தொழிலை விட்டுவிட்டு, காபி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் காபிக்கடை போடுகிறாள். பாழடைந்த குதிரைலாயத்தை வாங்குவது, தச்சனைப் பிடிப்பது, தொடங்கிய நாளில் ஆளே வராமல் உட்கார்ந்திருப்பது, எலிமுகச் சமையல்காரன் இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டதும் தெருவே வாசனை பிடித்து வருவது. கடையில் வேலைக்குச் சேரும் டாண்ட்ரியோடு காதல் அந்த வேலையின் ஊடாகவே வருகிறது, இருவரும் சேர்ந்து விலைப்பலகை எழுதுகிற மாதிரி இடங்களில். உலகம் அங்கே முழுசாக இருக்கிறது, அதைச் சொல்ல ஒரு யுத்தம் தேவைப்படவில்லை.

டிராகன் பைத்தியம்:

அந்த ரொட்டிப் பக்கங்களைப் பசியோடு படிக்காதீர்கள். அதே மென்மையில் இன்னொன்று, சங்கு மந்தன்னாவின் தி வெரி சீக்ரெட் சொசைட்டி ஆஃப் இர்ரெகுலர் விட்சஸ் (2022). நாயகி மீகா இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் தனியாக வளர்ந்த சூனியக்காரி, மூன்று குட்டிச் சூனியக்காரிகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறாள். யாரிடமும் ஒட்டாமல் இருக்கவே பழக்கப்படுத்தப்பட்ட ஒருத்தி ஒரு வீட்டில் ஒட்டிக்கொள்ளும் கதை. வில்லத்தனம் எல்லாம் லேசானதுதான், வலுவான கதைப்பின்னல் எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள்.

நீலத்தாவணி:

புதிதாகச் சேர்ந்தவள், நடுவில் ஒரு கேள்வி கேட்கலாமா? என் மகளுக்குப் பதினான்கு வயது. வகுப்புத் தோழிகள் எல்லோரும் அகோடார், ஃபோர்த் விங் படிக்கிறார்களாம், அவளுக்கும் வேண்டும் என்கிறாள். படிக்காதே என்று சொல்ல மனமில்லை, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அல்லிக்குளம்:

வாருங்கள் அக்கா. இரண்டுமே பெரியவர்களுக்கான நாவல்கள், படுக்கையறைக் காட்சிகள் பக்கக்கணக்கில் வெளிப்படையாக வரும். அகோடார் 2015இல் வந்தபோது பதின்வயதினர் பிரிவில்தான் வைத்தார்கள், 2020இல் புது அட்டையோடு பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தக் குழப்பம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. கார்ட்டூன் மாதிரி அட்டை இருந்தாலும் நம்பாதீர்கள், இப்போதைய காதல் நாவல்களில் அட்டைக்கும் உள்ளடக்கத்துக்கும் சம்பந்தம் இருப்பதில்லை.

மழைக்கால வாசகி:

மகளுக்கு எமிலி வைல்டில் தொடங்குங்கள் அக்கா. தேவதைகள் கொடூரமானவை, ரத்தம் கொஞ்சம் வரும், ஆனால் காதல் மிக மெல்லியது. அது பிடித்துவிட்டால் நவோமி நோவிக்கின் ஸ்பின்னிங் சில்வர் (2018). அப்பா இரக்கப்பட்டுக் கேட்காமல் விட்ட கடனையெல்லாம் மகள் மிரியம் வீடு வீடாக ஏறி வசூலிக்கிறாள், வெள்ளியைத் தங்கமாக்குகிறவள் என்று அவளைப் பற்றிப் பேச்சுப் பரவி பனியரசன் காதில் விழுகிறது. அவன் இழுத்துக்கொண்டுபோன பிறகும் ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசுகிறாள், தனக்கு வர வேண்டியதை ஒரு காசு விடாமல் கேட்கிறாள். அதில் வாண்டா என்ற பெண்ணை அவள் அப்பா அடிக்கும் பகுதிகள் கனமானவை, அதனால் நீங்களும் கூடவே படித்தால் நல்லது. லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸும் தாராளமாகக் கொடுக்கலாம். ஃபோர்த் விங் எங்கேயும் ஓடிப்போகாது, வரிசையே ஐந்து பாகம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார், இன்னும் இரண்டு வர வேண்டும்.

நீலத்தாவணி:

எமிலி வைல்டை இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். நானும் அவளோடு சேர்ந்து படிக்கப்போகிறேன், முடித்ததும் இருவரும் வந்து எழுதுகிறோம். அவள் வெண்டல் பக்கமா என்று இப்போதே கேட்காதீர்கள், சொல்லிவிடாதீர்கள்!